மேவிஸ் கேட்காமல் விட்டது

ஆல்டர்விக் ஊர் மன்றம் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்குக் கூடும். பொதுமக்களுக்கென்று சுவரோரமாகப் பன்னிரண்டு நாற்காலிகள் போட்டிருப்பார்கள். பதினொன்று காலியாகக் கிடக்கும். மிச்சம் ஒன்றில் மேவிஸ் ஓல்ட்ராய்ட் மடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள்.

இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். அதற்கு முன்னால் அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். ஒரு நாள் காலையில் ரம்ப சத்தம் கேட்டு ஓடி வந்து பார்த்தபோது, அவள் தெருவில் நின்ற நான்கு பெரிய நிழல் மரங்களில் மூன்று சாய்ந்து கிடந்தன. "போன மாசமே கூட்டத்துல முடிவு பண்ணிட்டாங்களேம்மா, நீங்க வரலையா?" என்று மரம் வெட்டுகிறவன் கேட்டான். அந்தக் கேள்வி அவளைச் சுட்டுவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமையே போய் உட்கார்ந்தாள். கேட்டதை எழுதி நாலு பக்கத்தில் அச்சடித்து வீடு வீடாகப் போட்டாள். 'ஆல்டர்விக் மடல்' அப்படித்தான் பிறந்தது. பெரிய நகரத்துப் பத்திரிகைக்காரர்கள் இந்தப் பக்கம் வருவதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. ஆகவே மன்றத்தில் என்ன நடந்தது என்று ஊருக்குத் தெரிவது மேவிஸ் எழுதினால்தான். அவள் எழுதாதது நடக்காதது மாதிரி.

எழுபது தாண்டிய பிறகு ஒரு மாற்றம் வந்தது. கவுன்சிலர்கள் எல்லோரும் வாய்க்குள்ளேயே முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. "அந்தக் காலத்துல எழுந்து நின்னு பேசுவாங்க. இப்ப மேஜைகிட்ட ரகசியம் பேசறாங்க" என்று ரொட்டிக் கடை டாஃப்னியிடம் குறைப்பட்டுக்கொண்டாள். டாஃப்னி அவள் முகத்தையே பார்த்தாள்.

அந்த வருஷம் பிப்ரவரிக் கூட்டத்தில்தான் சந்தைச் சதுக்கத்துக் கழிப்பறை விஷயம் வந்தது. பராமரிக்கக் கட்டுப்படி ஆகவில்லை, மூடிவிடலாம் என்று தீர்மானம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பழைய ஹீட்டர் கடகடத்தது. மேற்கு வார்டு கவுன்சிலர் கிளெமென்ட் ரடாக் பேச எழுந்தார். இரும்புச் சாமான் கடைக்காரர், பத்து வார்த்தை பேசினால் அதிகம். மேவிஸுக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது. 'சந்தை' என்று ஒரு சொல் காதில் விழுந்தது. 'செலவு' விழுந்தது. பிறகு, "...ஆதரிக்க முடியும்" என்று விழுந்தது. நடுவில் விட்டுப்போன இடங்களை அவளுடைய இருபத்திரண்டு வருஷ அனுபவம் தானே இட்டு நிரப்பிக்கொண்டது. குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். கைகள் உயர்ந்து இறங்கின. ஐந்துக்கு நான்கு, தீர்மானம் நிறைவேறியது என்று மேயர் பார்னார்ட் சொன்னபோதுதான் தலை நிமிர்ந்தாள். யார் எந்தப் பக்கம் கை தூக்கினார்கள் என்று மன்றக் குறிப்பில் எழுதும் வழக்கமும் இல்லை.

மடலில் ஒரே ஒரு வரி: 'கழிப்பறையை மூடுவதை ஆதரித்துப் பேசியவர்களில் கவுன்சிலர் கிளெமென்ட் ரடாக்கும் ஒருவர்.'

மே மாதம் தேர்தல். பதினாறு வருஷம் கவுன்சிலராக இருந்த ரடாக் ஒன்பது வாக்கில் தோற்றார். அதையும் மேவிஸ் எழுதினாள். 'சந்தைக்கு வரும் பெண்களின் கோபம் வாக்குப் பெட்டியில் தெரிந்தது' என்று ஒரு வாக்கியம் கூடச் சேர்த்தாள். அது நன்றாக அமைந்துவிட்டதாக அவளுக்குத் திருப்தி.

செப்டம்பரில் டாஃப்னி பொறுமை இழந்தாள்.

"ஏண்டி, ரொட்டியை வெட்டித் தரவா, முழுசா வேணுமான்னு மூணு தடவை கேட்டுட்டேன். நீ 'நல்லா இருக்கேன், நீ எப்படி இருக்கே'ங்கறே."

"கடையில சத்தம்."

"கடையில நீயும் நானும் மட்டும்தான் இருக்கோம். காதைக் காட்டிட்டு வா. இல்லேன்னா இந்தக் கடையில உனக்கு ரொட்டி கிடையாது."

மேவிஸ் போய்க் காட்டினாள். இரண்டு காதுக்கும் மெஷின் வந்தது. முதல் நாள் தன் செருப்புச் சத்தமே அவளைத் திடுக்கிட வைத்தது. அக்டோபர்க் கூட்டத்தில் போய் உட்கார்ந்தபோது அது வேறு ஊராக இருந்தது. தாள் புரளும் சத்தம் கேட்டது. யாருடைய வயிறோ இரைந்தது. மேயர் பக்கத்து ஆளிடம், "சீக்கிரம் முடிங்கப்பா, எட்டரைக்கு மேட்ச்" என்று கிசுகிசுத்தது கூடத் தெளிவாகக் கேட்டது. மேவிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று தோன்றியது. இத்தனை நாளும் இதையெல்லாம் விட்டிருக்கிறேன் என்றால், வேறு எதையெல்லாம் விட்டிருக்கிறேன்?

அன்று கழிப்பறைக் கட்டடத்தைக் காப்பிக் கடைக்கு விடலாமா என்று ஒரு பேச்சு அடிபட்டது. கூட்டம் முடிந்ததும் மன்றச் செயலர் ஃபிலிப்பா நாற்காலிகளை அடுக்க, மேவிஸ் கூட மாட உதவிக்கொண்டே சொன்னாள்: "ரடாக் இருந்திருந்தா இதுக்கும் கை தூக்கியிருப்பார்."

ஃபிலிப்பா நாற்காலியைக் கீழே வைத்தாள். "யாரு, கிளெமென்ட்டா? எதிர்த்த நாலு பேர்ல அவர் ஒருத்தர், மேவிஸ்."

"இல்லையே. 'ஆதரிக்க முடியும்'னு சொன்னாரே."

"'முடியாது'ன்னார். 'சந்தைக்கு வர்ற வயசான பொம்பளைங்க எங்க போவாங்க? செலவுன்னு சொல்லி இதை மூடறதை என்னால ஆதரிக்க முடியாது'ன்னு சொன்னார். அவர் அவ்வளவு நீளமாப் பேசி நான் பார்த்ததே இல்ல."

மேவிஸ் உட்கார்ந்துவிட்டாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நான் மன்றத்துச் சம்பளக்காரி. இதை எழுதுங்க, அதை எழுதாதீங்கன்னு உங்ககிட்ட நான் சொல்ல ஆரம்பிச்சா அது எங்க போய் முடியும்? அவர்கிட்ட சொன்னேன், திருத்தச் சொல்லுங்கன்னு. 'அந்தம்மா தெரியாமலா எழுதியிருப்பாங்க'ன்னுட்டுப் போயிட்டார்."

மறுநாள் காலை கடை திறக்கும் நேரத்துக்கே மேவிஸ் இரும்புச் சாமான் கடைக்குப் போனாள். சந்தை நாள் அது. ரடாக் கல்லாவுக்குப் பின்னால் திருகாணிகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். தலையை லேசாக அசைத்தார். மறுபடியும் திருகாணிக்குத் திரும்பினார்.

மேவிஸ் வாயைத் திறப்பதற்குள் கடைக்குப் பின்பக்கத்தில் கழிப்பறைக் கதவு திறந்தது. முட்டை விற்க வரும் கிழவி ஒருத்தி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வந்தாள். "நீ நல்லா இருப்பேப்பா, கிளெமென்ட்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சற்று நேரத்தில் காய்கறிக்காரி ஒருத்தி வந்து, யாரையும் கேட்காமல் நேரே பின்பக்கம் போனாள்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள் மேவிஸ்.

"பூட்டின மறுநாள்லேர்ந்து. ஏன், ஊர்ல பேசிக்கறது உங்களுக்குத் தெரியாதா? மூடினவனுக்கே மனசு உறுத்துது, அதான் பின்கதவைத் திறந்து விட்டிருக்கான்னு சிரிக்கறாங்க."

"கிளெமென்ட், நான் தப்பா எழுதிட்டேன். எனக்குக் காது கேக்கலை. நீங்க 'முடியாது'ன்னு சொன்னது எனக்கு 'முடியும்'னு கேட்டுது."

அவர் கை நின்றது. திருகாணியைக் கல்லா மேல் வைத்தார்.

"ஒம்போது ஓட்டு, மேவிஸ்."

"தெரியும்."

"ஓட்டு போனது போகட்டும். நாப்பது வருஷமா இந்த ஊர்ல ஆணி விக்கறேன். உள்ள வர்றவங்க சில்லறையை வாங்கிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனாங்க. யாராவது ஒருத்தர், 'ஏம்ப்பா கிளெமென்ட், நீயா இப்படிச் சொன்னே'ன்னு கேப்பாங்கன்னு பாத்தேன். ஒருத்தர் கேக்கலை."

"நீங்க எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"நீங்க எனக்குப் பண்ணியிருக்கலாமே."

காது கேட்காதது அவள் குற்றம் இல்லை. கேட்காத காதை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்காமல் எழுதினாளே, அதை எந்த மெஷினிலும் போட்டுச் சரிசெய்ய முடியாது. மன்னிப்புக் கேட்டாள். அவர் "ம்" என்றார். மன்னித்ததாகச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து திருத்தம் எழுத உட்கார்ந்தாள். முதலில் நான்கு வரி எழுதினாள். கடைசிப் பக்கத்தில், பின்னல் வகுப்பு அறிவிப்புக்குக் கீழே போட இடம் இருந்தது. படித்துப் பார்த்தாள். 'தவறாகப் பதிவாகிவிட்டது' என்று எழுதியிருந்தாள். யார் பதிவு செய்தது? கிழித்துப் போட்டாள். இரண்டாவது தடவை ஹீட்டரையும் மழையையும் குறை சொல்லி எழுதியிருந்தாள். அதையும் கிழித்தாள். மூன்றாவதை முதல் பக்கத்தில், மற்ற செய்திகளைத் தள்ளி வைத்துவிட்டுப் போட்டாள்.

'பிப்ரவரியில் நான் எழுதியது பொய். கிளெமென்ட் ரடாக் கழிப்பறையை மூடுவதை எதிர்த்துப் பேசினார், எதிர்த்தே வாக்களித்தார். எனக்குச் சில வருஷங்களாகவே காது சரியாகக் கேட்கவில்லை. அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்துக்கு விலை கொடுத்தது நான் இல்லை, அவர். மே மாதம் இந்த மடலை நம்பி யாராவது வாக்களித்திருந்தால் அவர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.'

ஊர் ஒரு வாரம் வேறு எதுவும் பேசவில்லை. புதிதாக ஜெயித்த கவுன்சிலர், தன் வெற்றியைக் கொச்சைப்படுத்துவதாகக் காரசாரமாகக் கடிதம் எழுதினார். அதையும் ஒரு எழுத்து விடாமல் மடலில் போட்டாள். மதுக்கடையில் ஒருவன், "செவிட்டுக் கிழவி எழுதினதை நம்பி ஓட்டுப் போட்டிருக்கோமே, நம்மள என்னன்னு சொல்றது?" என்றானாம். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு சட்டென்று அடங்கிவிட்டது என்று டாஃப்னி வந்து சொன்னாள். பேர் சொல்லாமல் ஒருத்தர் போன் பண்ணி, "போதும், நிறுத்திக்கோங்க" என்றார். மேவிஸும் நிறுத்திவிடத்தான் நினைத்தாள். வேறு யாராவது கூட்டத்துக்குப் போய் எழுத முடியுமா என்று மடலில் கேட்டுப் பார்த்தாள். ஒரு கடிதம் வந்தது. காது கேட்காத பூனையைப் பராமரிப்பது பற்றி.

நவம்பர்க் கூட்டத்தில் பொதுமக்கள் பேசுவதற்கான நேரம் வந்தபோது, மேயர் வழக்கம்போல, "யாரும் இல்லை, அடுத்ததுக்குப் போலாம்" என்றார்.

"நான் இருக்கேன்" என்று மேவிஸ் எழுந்தாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அந்த அறையில் வாய் திறந்ததே இல்லை. எழுதுகிறவள் பேசக் கூடாது என்பது அவளாகவே வைத்துக்கொண்ட சட்டம். ஒன்பது தலைகளும் திரும்பின.

"மூணு நிமிஷம்தான்" என்றார் மேயர். "உங்க கேள்வி என்ன?"

"கேள்வி இல்லைங்க. ரெண்டு வேண்டுகோள். எனக்குக் காது கேக்காம ஒருத்தர் பேர் கெட்டுப்போச்சு. அது என் தப்பு. எழுதியாச்சு. ஆனா அந்த நாற்காலியில யார் வந்து உக்காந்தாலும், உங்க முதுகுதான் தெரியும், பாதிப் பேச்சுத்தான் கேக்கும். ஒரு மைக் வாங்குங்க. அப்புறம், யார் கை தூக்கினாங்கன்னு பேரோட குறிப்புல எழுதுங்க. ஃபிலிப்பா எழுதி வெச்சிருந்தா நான் படிச்சுப் பாத்திருப்பேன். உங்க ஓட்டு உங்க சொந்த விஷயம் இல்ல. எங்களுக்காகப் போடறது."

உட்கார்ந்தாள்.

பெயர் எழுதும் விஷயம் அடுத்த கூட்டத்திலேயே முடிவாயிற்று. வேண்டாம் என்று கை தூக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. மைக்குக்குத்தான் மூன்று கூட்டம் ஆயிற்று. எதிரொலிக்கும் என்றார் ஒருவர். பழமையான கட்டடம், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றார் இன்னொருவர். "ஆணி அடிக்காம வைக்கிற ஸ்டாண்டு இருக்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கதவோரத்து நாற்காலியில் ரடாக் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று மேவிஸுக்குத் தெரியாது. அவளைப் பார்க்கவும் இல்லை, அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்காரவும் இல்லை.

வசந்தத்தில் மேற்கு வார்டில் ஓர் இடம் காலியாயிற்று. நிற்கச் சொல்லி ரடாக்கிடம் சிலர் போனார்கள். முன்பு முகத்தைத் திருப்பிக்கொண்டு போன இரண்டு பேரும் அதில் உண்டு. அவர் மாட்டேன் என்றுவிட்டார். "எனக்கு அந்த ஆசை போயிடுச்சு" என்றாராம். அந்த வார்த்தையை எழுதும்போது மேவிஸின் பேனா கொஞ்ச நேரம் நின்றது. திருத்தம் போட்டால் செய்தி திருந்தும். போன ஆசை திரும்பி வருமா என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் ஏப்ரல் கூட்டத்தில் அவர் பொதுமக்கள் வரிசையிலிருந்து எழுந்தார். சந்தை நாட்களிலாவது கழிப்பறையைத் திறந்துவிடுங்கள், கடைக்காரர்கள் நாங்களே முறை வைத்துச் சுத்தம் செய்துகொள்கிறோம் என்று மைக்கில் சொன்னார். வாக்கெடுப்பில் ஃபிலிப்பா ஒவ்வொரு பெயராகப் படித்தாள். ஆறுக்கு இரண்டு. பின்கதவுப் பெண்கள் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். நாற்காலி போதாமல் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் மேவிஸ் நோட்டுப் புத்தகத்தோடு கதவோரம் போனாள்.

"கிளெமென்ட், 'சந்தை நாள் மட்டும்'னு சொன்னீங்களா, 'சந்தை நாளாவது'ன்னு சொன்னீங்களா?"

"மைக்கு, மெஷினு எல்லாம் இருந்துமா கேக்கலை?"

"கேட்டுது. இருந்தாலும் கேக்கறேன்."

அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நோட்டை வாங்கி, நின்றபடியே முழுவதையும் நிதானமாகப் படித்தார். அவள் காதில் செருகியிருந்த பென்சிலைக் கேட்டு வாங்கி, 'மட்டும்' என்பதை அடித்து, மேலே 'ஆவது' என்று எழுதினார்.

"மீதியெல்லாம் சரியா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.