பட்டாளம் விட்டு வந்தவர்களின் எஸ்தர் அக்கா

எஸ்தர் அக்கா இறந்த செய்தியை நாகர்கோவில் பஸ்ஸில் வந்த ஒருவர்தான் சொன்னார். "கம்பவுண்டர் சாரே, உங்க நர்ஸம்மா காலம்பற போயிட்டாவ." நான் மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். கலக்கி முடித்த பிறகே உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. பல வருஷத்து அலுப்பு மொத்தமாக வந்து இறங்கியதுபோல் இருந்தது.

வெள்ளைக்காரனுக்காகக் கடல் கடந்து போன மெசொப்பொத்தேமியாச் சண்டை முடிந்து நம் பையன்கள் திரும்பிய நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். மாலை போட்டு அனுப்பிய ஊர், திரும்பி வந்தவர்களைக் கண்டு ஒதுங்கியது. காய்ச்சல் மருந்துக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த அவர்களுக்காக அக்கா வீடு வீடாக நடந்தார். வேலை கேட்டார், பெண் கேட்டார், பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பினார்.

இரணியல் தாசையன் அவர்களில் ஒருவன். தூக்கத்தில் தொட்டு எழுப்பிய தம்பியின் கழுத்தை எதிரி என்று நினைத்து நெரித்துவிட்டான். தம்பி பிழைத்தான், தாசையனுக்கு வீடு இல்லாமல் போயிற்று. அப்போது ஆரல்வாய்மொழிப் பக்கத்து நிலக்காரர் ஒருவர், குத்தகைக்காரர்களை மிரட்ட அவனை அழைத்தார்.

"போவாதே மக்கா" என்றார் அக்கா.

"அங்க என்னைப் பந்தியில இருத்துதாவ. இங்க எனக்க அம்மகூட கதவடைக்கா."

அவன் போனான்.

அறுவடை நேரத்தில் பொன்னுமுத்து என்ற குத்தகைக்காரரை வண்டியில் கொண்டுவந்தார்கள். வலது கை முறிந்திருந்தது. அடித்தவன் தாசையன். அவனே வண்டிக்குப் பின்னால் நடந்து வந்து வாசலில் நின்றான்.

"ஏலே, அங்க நிக்காதே. வந்து இந்தக் கையப் பிடி" என்றார் அக்கா. எலும்பைச் சேர்த்துக் கட்டும்வரை அவன்தான் பிடித்திருந்தான். பொன்னுமுத்து அலறினார், அவன் தேம்பினான்.

கட்டி முடித்து அக்கா சொன்னார்: "இவருக்க அறுப்பு கிடக்கு. நீ போய் அறு."

"எனக்க வயலுல இவன் காலு வைக்கப்படாது" என்றார் பொன்னுமுத்து.

"நீங்க சொல்லுத வரைக்கும் வரப்புல நிப்பான்."

இரண்டு நாள் வெயிலில் நின்றான். மூன்றாம் நாள் பொன்னுமுத்துவின் மனைவி, "சும்மா எதுக்கு நிக்க?" என்று அரிவாளை நீட்டினாள். இன்று தாசையன் அங்கேயே குத்தகைக்கு உழுகிறான். மனைவி, பிள்ளைகள் இருக்கிறார்கள். அவன் அம்மை கல்யாணத்துக்கு வந்தாள், அவனோடு பேசவில்லை.

எல்லாரும் இப்படிக் கரையேறவில்லை. ஒருவன் கொழும்புக்குப் போனான்; கடிதமே இல்லை. அக்கா ஒரு வருஷம் அலைந்து வேலை வாங்கிக் கொடுத்த இன்னொருவனை வட்டக்கோட்டைக்குக் கீழே கடல் பிணமாக ஒதுக்கியது. அன்று அக்கா வேலைக்கு வரவில்லை. மறுநாள் வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"வீட்டுல இருந்திருக்கலாமே அக்கா" என்றேன்.

"நேத்து முழுக்க அழுதேன் தம்பி. இன்னைக்கும் மனசு சரியில்ல. வெளிய உக்காந்திருக்கானே, அவன் பேரு என்ன?"

அந்தக் கேள்வியைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். மனம் தேறட்டும் என்று இப்போதெல்லாம் காத்திருப்பதில்லை. அக்காவை அடக்கம் செய்த மறுநாள் காலை, ஆஸ்பத்திரி வாசலில் இருந்தவரிடம் போய்ப் பெயர் கேட்டேன்.