வாட்டுத் தட்டின் கீழே பன்னிரண்டு கிண்ணங்கள்

டீ மேக்கர் ஐயா சூடான வெள்ளைக் கோப்பையைக் கவிழ்த்து, மூடியில் ஒட்டியிருக்கும் வெந்த தேயிலையை மூக்கருகே கொண்டுபோவார். கண்கள் மூடியிருக்கும். ஒரே ஒரு மூச்சு இழுப்பார். பிறகு கண்ணைத் திறந்து, அது எந்த மலையில் பறித்த கொழுந்து, பறிக்கும்போது மழை பெய்ததா, கசக்கும் உருளையில் எவ்வளவு நேரம் கூடுதலாகக் கிடந்தது என்று சொல்வார். கந்தப்பளைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வோம்; அதன் பொறுப்பு ஐயாவுக்கு. அந்த ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதை எட்ட நின்று பார்த்திருக்கிறேன். ஒரு மூச்சில் இவ்வளவும் எப்படித் தெரிகிறது என்று கிட்டப் போய்க் கேட்க ஆசை. ஆனால் பள்ளிக்கூடத்திலேயே விடை தெரிந்தும் எழுந்து நிற்காதவன் நான். கேட்கவில்லை.

எனக்கு மேல்மாடியில் கொழுந்து வாட்டும் வேலை. நீளமான தட்டுகளில் பச்சைக் கொழுந்தைப் பரப்புவோம். கீழேயிருந்து விசிறிகள் வெதுவெதுப்பான காற்றை ஊதும். ஒரு பிடி எடுத்து அமுக்கி, கையை விரிக்க வேண்டும். உருண்டை மெதுவாக அவிழ்ந்தால் பதம். இந்த ஒன்று எனக்கு நன்றாகக் கைவந்திருந்தது. பின்னால் வந்த வினைக்கும் அதுதான் காரணம்.

வேலை முடிந்த நேரங்களில், நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டிலில் மரக் கிண்ணம் கடைவேன். பழைய தண்ணீர் மோட்டார் ஒன்றில் நானே பொருத்திய கடைசல் இயந்திரம், அரத்தைத் தீட்டிச் செய்த இரண்டு உளி. பாடமோ போனில் பார்த்த வீடியோக்கள். அவர்கள் பேசும் மொழி புரியாததால் சத்தத்தை அடைத்துவிட்டுக் கைகளை மட்டும் பார்ப்பேன். சுழலும் கட்டையில் உளி படும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒன்றில் சிவப்பு ரேகை ஓடும். இன்னொன்றில், மரம் எப்போதோ விழுங்கிய ஆணி கிடக்கும். அதைப் பார்க்கத்தான் கடைந்தேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

டவுனில் ஒரு முஸ்லிம் கடைக்காரர், நானா என்றுதான் கூப்பிடுவேன், தன் கடையில் பிளாஸ்டிக் வாளிகளுக்குப் பக்கத்தில் என் கிண்ணங்களை வைத்து விற்றுத் தந்தார். நான் எதிரே பஸ் நிற்கும் இடத்தில் யாரோ போல நின்று பார்ப்பேன். வாங்க வருகிறவர்கள் கிண்ணத்தைத் தடவுவார்கள், விரலால் தட்டுவார்கள், பிறகு அநேகமாக எல்லோரும் முகர்ந்து பார்ப்பார்கள். சாப்பாட்டுச் சாமானும் இல்லை, பூவும் இல்லை. ஏன் முகர்கிறார்கள் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசிப்பேன்.

ஒருநாள் நானா கூப்பிட்டனுப்பினார். நுவரெலியாவில் விருந்தினர் விடுதி நடத்தும் ஓர் அம்மா ஏப்ரல் சீசனுக்குப் பன்னிரண்டு பெரிய கிண்ணம் கேட்டிருந்தார்.

"தம்பி, நான் ஓமெண்டு சொல்லிட்டன். இனி நீங்க ஏலாதெண்டு சொன்னா அந்த மிஸ்ஸிட முகத்த நான் எப்பிடிப் பார்க்கிற?"

ஏலாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தலைதான் சரியென்று ஆடியது.

காற்றில் விழுந்த யூக்கலிப்டஸ் மரம் ஒன்று கிடைத்தது. ஈரமான மரத்தை முதலில் தடிப்பாகக் கடைந்து, மாதக்கணக்கில் நிழலில் காயவிட்டு, பிறகுதான் மெல்லியதாகக் கடைய வேண்டும். சீசனுக்கு இருந்ததோ ஆறு வாரம். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஒரே இரவில் கொழுந்தின் ஈரத்தை வாங்குகிற காற்று, மரத்தின் ஈரத்தை வாங்காதா? தடிப்பாகக் கடைந்த பன்னிரண்டையும் சாக்கில் கொண்டுபோய், வாட்டுத் தட்டின் கீழே, விசிறிக் காற்று போகும் வழியில் அடுக்கினேன். மேலே கொழுந்து, கீழே மரம். என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் டீ மேக்கர் ஐயா கோப்பை மூடியை முகர்ந்தவர் கண்ணைத் திறக்கவே இல்லை. மறுபடியும் முகர்ந்தார்.

"யாரோ தைலம் தேச்சுக்கிட்டு வேல செய்றீங்க," என்றார்.

எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவர் கையாக முகர்ந்தார். என் கையில் மற்றவர்களைவிடச் சற்று அதிக நேரம் நின்றார். பிறகு அடுத்த கைக்குப் போனார். அப்போதே தெரிந்துகொண்டாரா, வாட்டுகிறவன் கையில் எல்லா வாசமும் இருக்கும் என்று விட்டாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

தேயிலை சலிக்கும் அக்காவின் கையில் தைல வாசம் இருந்தது. அவருக்குத் தீராத தலைவலி.

"எத்தன வருசமா தேய்க்கிறேன் ஐயா. தேயிலைக்கு இன்னைக்குத்தான் மூக்கு மொளச்சுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. "நாளையில இருந்து நீ மலைக்குப் போம்மா. ஸ்டோருக்குள்ள வேணாம்."

மலைக்குப் போவதென்றால் கூடை கட்டிக் கொழுந்து பறிப்பது. முழங்கால் வலியால்தான் அக்காவுக்கு ஸ்டோரில் வேலை கொடுத்திருந்தார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும், ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கிண்ணங்களைச் சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் அக்கா ஸ்டோரில் இல்லை, கிண்ணங்களும் இல்லை. தேயிலையின் வாசம் சரியாகிவிட்டது. "பாத்தீங்களா, அவதான்," என்று எல்லோரும் சொன்னார்கள். நான் பயத்தில் செய்த காரியம் அக்கா மேல் குற்றத்தை உறுதிசெய்துவிட்டது.

மேல்மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த மலை தெரியும். மற்றப் பெண்கள் மேலே போன பிறகும் ஓர் உருவம் பாதியில் நின்று, தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு காலை மாற்றி மாற்றி வைக்கும். நான்கு நாள் பார்த்தேன். ஐந்தாம் நாள் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஐயாவின் அறைக்குப் போனேன். மேசையில் வைத்தேன்.

அவர் எடுத்து முகர்ந்தார். கண் மூடியது, திறந்தது.

"எங்க வச்ச?"

"தட்டுக்குக் கீழ, ஐயா."

"எத்தன நாளு?"

"மூணு."

"எட பாத்தியா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஈரம் எவ்வளவு போனது என்று எடை பார்க்கவில்லை என்றேன். கிண்ணத்தைத் திருப்பி, விளிம்பில் ஓடியிருந்த வெடிப்பில் நகத்தை வைத்தார். "வெளியே காஞ்சிருச்சு, உள்ளே பச்ச. ஒண்ணு சுருங்குது, இன்னொண்ணு சுருங்கல. வெடிக்காம என்ன செய்யும்? கொழுந்து மெல்லிசுப்பா, காத்து உள்ள போயிடும். இதுக்குள்ள எப்படிப் போகும்?" தன்னையே கேட்டுக்கொள்வது போல, ஆர்வமாகத்தான் பேசினார். கோபம் அதன் பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

"இத எங்கிட்ட ஏன் சொல்ற? காலையில பெரட்டுல வந்து சொல்லு. அவ அங்கதான் நிப்பா."

பெரட்டு என்றால் காலையில் எல்லோரையும் நிறுத்தி வேலை பிரித்துக்கொடுக்கும் இடம். பனியில் நூறு பேராவது நின்றிருப்பார்கள். என் குரல் எனக்கே கேட்காமல் சொன்னேன். ஐயா, "சத்தமா," என்றார். மறுபடி சொன்னேன். பின்னாலிருந்து ஒருவன், "அட, ஊமையன் பேசிட்டான்டா!" என்றான். சிரிப்பு எழுந்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"நான் மலையேறுறத மேலருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்த, தம்பி?"

"ஆமாக்கா."

நூறு பேருக்கு முன்னால் சொன்னதைவிட இந்த ஒரு சொல் எனக்குக் கனமாக இருந்தது. அக்கா தலையில் மாட்டியிருந்த கூடைக் கயிற்றைக் கழற்றி, கூடையை என் கையில் கொடுத்துவிட்டு, ஸ்டோரை நோக்கி நடந்தார். மெதுவாகத்தான் நடந்தார். ஐயா என் பெயரை மலை வேலைப் பக்கத்தில் எழுதினார்.

அன்று மாலையே நானாவிடம் போய் ஏலாது என்று சொன்னேன். பன்னிரண்டு கிண்ணமும் வெடித்துப்போயின. மூன்று மாதம் மலையில் இருந்துவிட்டுத்தான் மறுபடி வாட்டும் வேலைக்கு வந்தேன். ஐயா ஓய்வுபெற்று மாத்தளைப் பக்கம் போனார். சென்ற வருடம் காலமானார் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டனில் என் கிண்ணங்களை நானே துணி விரித்து விற்கிறேன். பெரிய கிண்ணத்துக்கு ஒரு வருடம் பொறுக்க வேண்டும் என்றால், எதற்கு என்று கேட்கிறார்கள். தட்டின் கீழே அடுக்கிய கதையைச் சொல்கிறேன். முன்பின் தெரியாதவர்கள் நின்று கேட்டுச் சிரிக்கிறார்கள். எனக்கும் சொல்ல வருகிறது. அக்கா என்னைக் கேட்ட கேள்வி வரும்போது மட்டும், அதைச் சொல்லாமல் தாண்டிவிடலாமா என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. இதுவரை தாண்டியதில்லை.