ஜாதகக் கடையிலிருந்து வந்த கம்ப்யூட்டர்

சுவிட்சைத் தட்டியதும் முதலில் வாசனைதான் வரும், வெளிச்சம் பிறகுதான். சூடேறிய தூசியும் கற்பூரமும் ஊதுவத்தியும் கலந்த வாசனை அது. உள்ளே விசிறி கிர்ரென்று சுற்றத் தொடங்கி, கறுப்புத் திரையின் மூலையில் ஒரு பச்சைக் கோடு கண் சிமிட்டும்போது, மயிலாப்பூரில் எங்கள் தெருவிலேயே கம்ப்யூட்டர் உள்ள ஒரே வீடு எங்களுடையது என்ற கர்வத்தில் எனக்கு மூச்சு முட்டும். என்னோடு படித்த ஒருத்தி வந்து பார்த்துவிட்டு, இதில் கலர் வராதா என்று கேட்டாள். அவளோடு அந்த வருடம் முழுவதும் நான் சரியாகப் பேசவில்லை.

அது 1996-ஆம் வருடத்துக் கோடை விடுமுறை, எனக்குப் பன்னிரண்டு வயது. குளத்துக்குப் பக்கத்தில் "கம்ப்யூட்டர் ஜாதகம்" போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த தயாளன் புது மெஷின் வாங்கியதும், பத்து வருடம் உழைத்த பழையதை, குழந்தை கற்றுக்கொள்ளட்டும் என்று தெரிந்தவரான என் அப்பாவுக்கே கொடுத்துவிட்டார். ரிக்‌ஷாவில் வைத்துக் கொண்டுவந்தவர், கூடத்து மேஜையில் இறக்கிவிட்டு என்னிடம் ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார்.

"தொறந்தா தேதி கேக்கும் பாப்பா, மறக்காம அடிச்சுக்கினு உள்ள போ. இல்லாங்காட்டி அது இஷ்டத்துக்குப் பழைய வருசத்துல போய்க் குந்திக்கும்."

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் அடையடையாக இருந்தன. விசைப் பலகையைக் கவிழ்த்துத் தட்டினால் விபூதி கொட்டியது. கூடவே வந்த அகலமான, வளையும் ஃபிளாப்பிகளுக்கு அம்மா "கறுப்பு அப்பளம்" என்று பெயர் வைத்தாள். அவற்றில் விளையாட்டு ஒன்றாவது இருக்கும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து ஏமாந்தேன். இருந்தது ஜாதகம் மட்டும்தான். வேறு வழியில்லாமல் பன்னிரண்டு வயதில் நான் ஜோசியர் ஆனேன். மாடி வீட்டு மாமியிலிருந்து இஸ்திரிக்காரர் வரை எல்லாரிடமும் பிறந்த நேரம் கேட்டு நச்சரித்தேன்.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே அந்தக் கம்ப்யூட்டர் போட்ட ஜாதகம் ஒன்று இருந்தது. அது வச்சு அத்தையுடையது. வச்சு அத்தை, அதாவது வத்சலா, அப்பாவின் ஒரே தங்கை. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அப்பாதான் அவளை வளர்த்தார். தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடு இருந்தாள். 1990-இல் அவளுக்கு இருபத்தாறு வயதானபோது மந்தைவெளியிலிருந்து ஒரு வரன் வந்தது. அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது, அப்பாவுக்கும் அந்தக் குடும்பத்தைப் பிடித்துவிட்டது. சரி என்று சொல்வதற்கு முன் எதற்கும் இருக்கட்டும் என்று அத்தையையும் அழைத்துக்கொண்டு தயாளன் கடைக்குப் போனார். "மனுஷன் தப்புப் பண்ணுவான், மிஷின் பண்ணாது" என்பது அப்பா அடிக்கடி சொல்வது. அவர் கணக்கு வாத்தியார்.

மிஷின் அடித்துக் கொடுத்த காகிதத்தில், திருமண யோகம் இன்றிலிருந்து பத்து ஆண்டுகள் கழித்தே என்று இருந்தது. அப்பா மந்தைவெளிக்குப் போய்க் கைகூப்பிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு யார் வரன் சொன்னாலும் பீரோவிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துவந்து காட்டி, ரெண்டாயிரம் பிறக்கட்டும் என்பார். எடுத்து எடுத்து அதன் மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்தன. எனக்கு அது வரிக்கு வரி மனப்பாடம்.

தேதி அடிப்பது எனக்கு நாளடைவில் அலுத்துவிட்டது. பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இயந்திரம் தேதி கேட்டபோது சும்மா என்டரைத் தட்டிவிட்டு உள்ளே போய், அத்தையின் பிறந்த விவரங்களைக் கொடுத்தேன். பத்து ஆண்டுகள் கழித்தே என்று அதே வரி வந்தது. ஆறு வருடம் ஓடியிருக்கிறதே, நாலு என்றல்லவா வரவேண்டும்? சந்தேகம் வந்து என் விவரங்களைக் கொடுத்தேன். பிறந்த தேதி தவறு என்றது. மறுபடி கொடுத்தேன், மறுபடியும் தவறு. அப்போதுதான் திரையின் கீழே பொடி எழுத்தில் இருந்த தேதியைப் பார்த்தேன். 1980, ஜனவரி ஒன்று. அதன் கணக்கில் நான் இன்னும் பிறக்கவே இல்லை.

பீரோவைத் திறந்து அத்தையின் காகிதத்தை எடுத்தேன். அதன் அடியிலும், அதுவரை யாரும் கவனிக்காத பொடி எழுத்தில், 1-1-80 என்றுதான் இருந்தது. எண்பதிலிருந்து பத்து வருடம் என்றால் தொண்ணூறு. காகிதம் சொன்ன யோகம் அந்த மந்தைவெளி வரன் வந்த அதே வருடம்தான்.

எனக்கோ குதிக்காத குறை. அத்தை இனிமேல் ரெண்டாயிரம் வரை காத்திருக்க வேண்டாம் என்பது மட்டும்தான் என் புத்திக்கு எட்டியது. மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவளைப் போலக் காகிதத்தை நீட்டி, கணக்கைப் படிப்படியாகச் சொல்லிக் காட்டினேன். தயாளன் எப்போதும் தேதி அடிப்பவர்தானே என்று அம்மா இழுத்தாள். அப்பாவின் கை ரசம் சாதத்திலேயே நின்றுவிட்டது.

"அன்னிக்குக் கடையில நடுவுல கரண்ட் போய்ப் போய் வந்தது" என்றார். எழுந்துபோய்க் கை கழுவினார்.

மறுநாள் காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மந்தைவெளிக்கு நடந்தே போனார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. போய்ச் சேர்ந்த இடத்தில் அந்த மாப்பிள்ளை இரண்டு குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிக்கொண்டிருந்தாராம். உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார்களாம். குடித்துவிட்டு, இந்தப் பக்கமாக வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். இதையெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் எங்களிடம் சொன்னார். அத்தை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "கரண்ட் போனதுக்கு நீ என்னண்ணா பண்ணுவே?" என்றாள். எவ்வளவு பெரிய மனசு என்று நான் வாயைப் பிளந்தேன்.

அதற்குப் பிறகு அப்பா ஜாதகமே கேட்காமல் நாலைந்து வரன்கள் கொண்டுவந்தார், அத்தை எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றாள். அவள் சம்பளத்தில் ஒரு பைசா தொடமாட்டேன் என்றார். நங்கநல்லூரில் அவள் ஃபிளாட் வாங்கியபோது கையெழுத்துப் போடும் நாள்வரை அவரே அலைந்தார். சாயங்காலம் கோயில் பக்கம் போனால் அவளுக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கி வருவார், ஆனால் கையில் கொடுக்கமாட்டார், மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். அன்றிலிருந்து சாகும்வரை அவர் அத்தையின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில், நினைவு தப்பித் தப்பி வந்தபோதும், யோகம் இருந்ததே, நான்தான் கெடுத்தேன் என்று முனகிக்கொண்டிருந்தார்.

அந்தக் கம்ப்யூட்டரை வீடு மாறும்போது பழைய சாமான்காரரிடம் போட்டோம். தயாளன் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். எங்கள் வாடகை வீடு நாலு மாடிக் கட்டடமாகிவிட்டது. இப்போதுள்ள இயந்திரங்கள் யாரிடமும் தேதி கேட்பதில்லை, அவையாகவே தெரிந்துவைத்திருக்கின்றன.

போன மாதம் நங்கநல்லூருக்குப் போயிருந்தேன். அத்தைக்கு அறுபது வயதாகிவிட்டது. அப்பாவின் திவசம் முடிந்த மறுநாள். காபியைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தவள், நான் கேட்காமலேயே ஆரம்பித்தாள்.

"அன்னிக்குத் தயாளன் கடையில நான் பக்கத்துலேயேதான் நின்னுண்டு இருந்தேன். கரண்ட் வந்ததும் அவன் அவசரத்துல தேதி அடிக்காம என்டரைத் தட்டினான். எங்க ஆபீஸ்லயும் அதே மாதிரி மிஷின்தான்டி. என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்."

நான் காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

"மந்தைவெளியில அவாத்துல வேலையை விடச் சொன்னா. சேர்ந்து எட்டு மாசம்கூட ஆகலை. அண்ணாகிட்ட மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. மிஷினே சொல்லிடுத்து, பேசாம இருந்துட்டேன்."

நான் கணக்குப் போட்டுக் காட்டிய அன்றாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். ஆறு வருடம் ஏமாற்றினேன் என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்ததே என்றாள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாளாம். அப்பா பூ வாங்கி வைக்கும் ஒவ்வொரு நாளும் அது இன்னும் கஷ்டமாகிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் அவர் முனகியபோது, காதருகில் குனிந்து சொல்ல வாயெடுத்தாளாம். அதற்குள் நர்ஸ் வந்துவிட்டாளாம்.

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அப்பாவை நினைத்துத்தான் அழுகை வந்தது. அவர் கெடுத்தது எதுவுமே இல்லை. அது எனக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும். தெரிய வேண்டியவர்தான் இல்லை.