குரங்குக்கு விழவேண்டிய அடி

திருத்தணி மலைப்படி தொடங்கும் இடத்தில் கெங்கம்மாள் பன்னிரண்டு வருஷமாக வாழைப்பழம் விற்றுவந்தாள். பிறந்த ஊர் மணவூர். புருஷனுக்கு அரக்கோணம் ரயில்வேயில் வேலை. யுத்த காலத்தில் மலைக்கு வரும் கூட்டம் குறைந்தது, குரங்குகள் குறையவில்லை. பக்கத்துக் கடைகளில் சீப்போடு தூக்கிக்கொண்டு ஓடும் குரங்கு இவள் கூடையை நெருங்கினால், புளியங்குச்சி சுளீரென்று விழும். பூக்காரி பூவம்மாளோடு பேசிக்கொண்டிருக்கும் பேச்சும் நிற்காது.

ஜட்கா குதிரைவண்டி ஓட்டும் கண்ணையனுக்கு இது ஆச்சரியம். சவாரி கிடைக்காத ஒரு மத்தியானம் அவளைச் சோதித்தான். கண்ணைக் கட்டிவிட்டபோது, சலசலப்பை மட்டும் கேட்டு அவள் அடித்த அடி குரங்கு பழத்தோடு போன பிறகு விழுந்தது. காதில் பஞ்சு அடைத்தபோது, நிழலாடியதைப் பார்த்து அடித்தாள். அப்போதும் ஒரு பழம் போனது. கட்டையும் பஞ்சையும் எடுத்த பிறகு வந்த குரங்கின் மூக்குக்கு நேராகக் குச்சி இறங்கியது.

எப்படி என்று கேட்டான்.

"கண்ணும் காதும் ஒண்ணா சொன்னா, கை என்னைக் கேக்காமயே போயிடுது கண்ணையா" என்றாள். அவளுக்கே அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கண்ணையன் மனசில் ஒரு குறும்பு முளைத்தது. அந்தத் தெருவில் ரோந்து வரும் போலீஸ்காரர் ஒருவர், தினமும் அவள் கூடையில் நல்ல பழமாகப் பார்த்து எடுத்து, காசு தராமல் உரித்துக்கொண்டே போவார். கேட்க யாருக்கும் தைரியமில்லை.

மறுநாள் காலை கெங்கம்மாள் பூவம்மாள் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். போலீஸ்காரர் கையை நீட்டினார். அதே நொடியில் வண்டிக்குப் பின்னாலிருந்து கண்ணையன் "கீச்" என்று குரங்கு மாதிரியே கத்தினான். கடைக்கண்ணில் ஒரு கை, காதில் ஒரு கத்தல். அவள் கண்டது மயிர் அடர்ந்த குரங்குக் கையைத்தான். குச்சி மணிக்கட்டில் விழுந்தது.

திரும்பிப் பார்த்தவள் குச்சியைக் கூடைக்குப் பின்னால் மறைத்தாள்.

"கொரங்குன்னு நெனச்சிட்டேங்க. சத்தம் கேட்டுச்சுங்க" என்றாள்.

"ஆங், எங்களுக்கும் கேட்டுச்சு" என்றாள் பூவம்மாள். சுற்றி நின்றவர்களும் ஆமோதித்தார்கள். கூடைக்குள் தன் கைக்கு என்ன வேலை என்று சொல்லாமல் கோபித்துக்கொள்ளப் போலீஸ்காரருக்கு வழி தெரியவில்லை. மணிக்கட்டைத் தடவியபடி பக்கத்திலிருந்த மரத்தை அண்ணாந்து பார்த்தார், இல்லாத குரங்கை முறைத்தார், போய்விட்டார். பிறகு அவருடைய ரோந்து தெருவின் எதிர்ப்புறமாகவே நடந்தது.

சாயங்காலம் கண்ணையன் உண்மையைச் சொன்னான். கெங்கம்மாள் குச்சியோடு அவனை வண்டியைச் சுற்றி மூன்று தடவை துரத்தினாள். மூச்சு வாங்க நின்றபோது சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடையிலிருந்து பெரிய பழமாக ஒன்றை எடுத்து நீட்டினாள். அவன் எட்டி நின்றே வாங்கிக்கொண்டான்.