முத்துராஜ் என்ற கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் வைரஸைக்கூடச் சமாளித்துவிடலாம், அடுத்தவர் வீட்டு மனத்தாங்கலில் மாட்டிக்கொண்டால் மீள்வது கஷ்டம் என்பது என்னைப்போல் பை தூக்கி அலைகிறவர்களுக்குத் தெரியும்.

மேல்மூலையில் ஒரு பேர்

சங்கரன்கோவிலில் ஒரு சேலை மொத்தக் கடை. முதலாளி அண்ணாச்சியின் ஒரே மகன் முத்துராஜ்தான் அங்கே மூன்று கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் போட்டு, பில்லிங்கை அமைத்தவன். ஒரு கம்ப்யூட்டரை மற்றவை கூப்பிடுவதற்கு ஹோஸ்ட்நேம் என்று ஒரு பேர் வேண்டும். மெயின் கம்ப்யூட்டருக்குத் தன் பேரையே வைத்திருந்தான்.

வீட்டாருக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டு அவன் கோயம்புத்தூர் போனபிறகும், காலையில் பத்தி கொளுத்திவிட்டு அண்ணாச்சி சுவிட்சைப் போட்டதும் அந்தப் பேர் திரையின் மேல்மூலையில் வந்து நிற்கும். அதை மாற்ற என்னைக் கூப்பிட்டார். கொஞ்ச நாள் போகட்டுமே என்று இழுத்துப் பார்த்தேன்.

"ஆளே வேண்டாம்னுட்டேன். பேரு எதுக்குவே?" என்றார்.

மூடாத விண்டோ

ஒரே வரிக் கட்டளை. பேர் 'கடை' என்று மாறிவிட்டது. ஆனால் கட்டளை தட்ட ஏற்கெனவே திறந்திருந்த கறுப்பு விண்டோவில் மட்டும் பழைய பேரே நின்றது. லினக்ஸில் அப்படித்தான், மூடித் திறந்தால் போய்விடும். கல்லாவில் இருந்த அண்ணாச்சியின் மனைவி, எனக்கு மதினி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூடப் போனேன்.

"இன்னைக்கு மட்டும் அப்படியே விட்டுட்டுப் போங்க தம்பி. நாளைக்கு மூடிக்கிடலாம்."

எனக்கும் மூட மனசு வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணாச்சி குடோனிலிருந்து வந்துவிட்டார். "என்னவே, முடிஞ்சிட்டா?"

தபசு வியாபாரம்

மறுநாள் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம். கடை திறந்த அரைமணியில் போன், ஓடினேன். மற்ற இரண்டு கம்ப்யூட்டரிலும் பில் போட முடியவில்லை. அவை மெயின் கம்ப்யூட்டரை முத்துராஜ் என்ற பேரில்தான் தேடுகின்றன. அதைப் பார்க்காமல் பேரை மாற்றியது என் தவறுதான், வெட்கமாக இருந்தது. அண்ணாச்சிக்குத் தெரிந்தது மெயின் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு மட்டும்; மற்ற இரண்டிலும் புதுப் பேரைப் பதிய முத்துராஜின் பாஸ்வேர்டு வேண்டும். அவனிடம் போனில் கேட்டால் ஐந்து நிமிட வேலை, இல்லையென்றால் பழைய பேரையே வைக்க வேண்டும் என்றேன்.

மதினி உடனே செல்போனை எடுத்து நீட்டினார்கள். வாசுதேவநல்லூர் வியாபாரிகள் சேலைக் கட்டுகளோடு காத்திருந்தார்கள். அண்ணாச்சி போனைப் பார்த்தார், வாங்கவில்லை.

"அவன்ட்ட பேசுததுக்கு இதுவே தேவலாம். பழைய பேரையே போட்டுரும்."

அன்று முதல் யார் பேர் மாற்றக் கூப்பிட்டாலும், வீட்டில் எல்லாருக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கீபோர்டில் கை வைக்கிறேன்.