பெட்ரோல் டேங்க் கழுவிய ஞாயிறு

நான்கு வருடங்களுக்கு முன், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. டில்லியில், சரோஜினி நகர்ப் பக்கம் ஓர் அரசாங்கக் குடியிருப்பில் அப்போது இருந்தோம். நான் மத்திய அரசில் அதிகாரி. என் மனைவியைத் தவிர வேறு யாரிடமும் இதை முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் பிளாக்குக்குப் பின்னால் வரிசையாக கராஜ்கள் உண்டு. மற்றவர்கள் உடைந்த கூலரையும் பழைய கட்டிலையும் போட்டு வைத்திருப்பார்கள். எங்களுடையதில் ஒரு குட்டிக் கார் நின்றது. இரண்டே கதவு, உருண்டை விளக்கு, ஐம்பது வருடத்துக்கு முந்தைய வண்டி. ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பிய அலுவலக நண்பர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. டில்லியில் வயதான வண்டியைத் தெருவில் இறக்கினால் பிடித்துக்கொண்டு போய் உடைக்கக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் இவ்வளவு பழைய வண்டியை அதன் அசல் நிலைக்குக் கொண்டுவந்து காட்டினால் தனிப் பதிவு உண்டு என்றார்கள். அந்த ஆசையில் இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளை அந்த கராஜிலேயே கழித்திருந்தேன். வீடியோ பார்த்துப் பார்த்து எஞ்சினைக் கழற்றிப் பூட்டினேன். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் தனிப் பொட்டலத்தில் போட்டு, எந்த இடத்துப் போல்ட் என்று எழுதி ஒட்டுவேன். அவ்வளவு ஒழுங்கானவன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு பெருமை.

எஞ்சின் ஓடத் தொடங்கியும் நின்று நின்று போனது. பார்த்தால் பெட்ரோல் டேங்க் முழுக்கத் துரு. டேங்கைக் கழற்றி, கடையில் ஆசிட் வாங்கித் தண்ணீரில் கலந்து உள்ளே ஊற்றிக் குலுக்கினேன். முதல் தடவைக்கே பாதித் துரு வந்துவிட்டது. இரண்டாம் தடவைக்கு வேண்டும் என்று, கலந்ததில் மிச்சத்தைக் காலியாகக் கிடந்த ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மூடி, ஸ்டூல் மேல் வைத்தேன். பக்கத்தில் நான் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் பாட்டில். இரண்டும் ஒரே மாதிரி. ஆசிட் பாட்டிலில் மட்டும் நான் எதுவும் எழுதி ஒட்டவில்லை.

கராஜை ஒட்டி ஒரு வேப்பமரம். அதன் நிழலில் மேஜை போட்டு ஒரு பெண் துணிகளுக்கு இஸ்திரி போடுவார். உத்தரப் பிரதேசத்துக்காரர், முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் சைக்கிளில் வீடு வீடாகத் துணி கொண்டுபோய்க் கொடுப்பார். ஐந்து வயதுப் பெண் குழந்தை மேஜைக்கு அடியில் விளையாடிக்கொண்டிருக்கும். அன்றைக்குக் காலையிலிருந்தே குழாயில் தண்ணீர் வரவில்லை. வெயிலோ தோலை உரிக்கிறது. அதில் கரி இஸ்திரிப் பெட்டியின் அனல் வேறு. பன்னிரண்டு மணி சுமாருக்கு அவர் கராஜ் வாசலில் வந்து நின்றார்.

"சாப், கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

நான் பானெட்டுக்குள் தலையை விட்டு ஒரு நட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஸ்டூல் மேல இருக்கு, எடுத்துக்கோ" என்றேன்.

ஒரு சத்தம் கேட்டது. இருமலும் இல்லை, அலறலும் இல்லை. திரும்பினேன். அவர் இரண்டு கைகளாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். பாட்டில் கீழே உருண்டு, கொட்டிய இடத்தில் சிமென்ட் தரை நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. அந்த நுரையைப் பார்த்துத்தான் என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்தது.

நான் போட்ட கத்தலில் என் மனைவி மாடியிலிருந்து ஓடி வந்தாள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாம் என்றேன். "ஐயோ வேண்டாங்க! ஏறி வர்றப்போ மறுபடியும் சுட்டுடும்" என்று தடுத்து, அவர் வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளிக்க வைத்தாள். குழந்தை மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு வீறிட்டது. அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நீங்க கிளம்புங்க. இவ அப்பாவைத் தேடிப் பிடிச்சு நான் அனுப்பறேன்" என்றாள். நாங்கள் தினமும் ஓட்டும் காரில் அந்தப் பெண்ணை முன் சீட்டில் உட்கார வைத்து அரசு ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். வழி முழுக்க ஈரத்துண்டை வாயில் அழுத்திக்கொண்டு என்னையே பார்த்தபடி வந்தார்.

அவசரப் பிரிவில் என்ன குடித்தார் என்று கேட்டார்கள். துரு எடுக்கிற ஆசிட் என்று சொன்னேன். டாக்டர் உடனே போலீஸ் கேஸ் என்று எழுதினார். ஆசிட் என்றால் அப்படித்தான் எழுதுவார்களாம். சிறிது நேரத்தில் ஏட்டு ஒருவர் நோட்டோடு வந்தார். அந்தப் பெண்ணால் பேச முடியவில்லை. அதனால் என்னைக் கேட்டார்.

"எப்படிக் குடிச்சாங்க?"

"தண்ணின்னு நினைச்சுக் குடிச்சிட்டாங்க."

"பாட்டில் யாரோடது?"

அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வுப் பட்டியல் வர இருந்தது. போலீஸ் வழக்கு, சஸ்பென்ஷன், அக்கம்பக்கத்துப் பேச்சு எல்லாம் ஒரு நொடியில் தலைக்குள் ஓடியது. "அங்கே கிடந்தது" என்றேன். ஏட்டு அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மூன்று மணி இருக்கும், கணவர் வியர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். மனைவியை எட்டிப் பார்ப்பதற்குள் ஏட்டு அவரைத் தனியே இழுத்துப் போய்விட்டார். வீட்டில் சண்டையா, அடித்தாயா, குடிப்பாயா என்று கேள்விகள். ஒரு பெண் ஆசிட் குடித்தால் காரணம் புருஷன்தான் என்பது அவர்கள் அனுபவம் போலிருக்கிறது. அவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாப், நீங்களே சொல்லுங்க. நான் அங்க இல்லவே இல்லையே."

நான் ஏட்டிடம், "நல்ல மனுஷன் இவரு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நன்னடத்தைச் சான்றிதழ் கொடுக்கிற மாதிரி. அவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். குழந்தை எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அப்பா எப்போது வருவார் என்று என் மனைவியிடம் இந்தியில் கேட்டது.

"அவரு எங்கங்க?" என்றாள் அவள்.

"ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. சும்மா விசாரிக்கத்தான்."

"எதுக்கு அவரை விசாரிக்கணும்? பாட்டில் நம்மளோடதுன்னு சொன்னீங்கல்ல?"

நான் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. அவள் சத்தம் போடவில்லை. குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்க போறீங்களா, இல்ல நான் போய்ச் சொல்லிட்டு வரட்டுமா?"

திரும்ப செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். ஸ்டேஷனில் சுவரோரம் தரையில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. உள்ளே இருந்த இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆசிட் என்னுடையது, பாட்டிலில் ஊற்றியது நான், எடுத்துக்கொள்ளச் சொன்னதும் நான். அவர் என் அடையாள அட்டையைப் பார்த்தார். உடனே உட்கார நாற்காலி வந்தது. டீ வரவழைத்தார்.

"கை தவறி நடந்தது, சாப். நீங்க எதுக்கு உங்களை இதுல மாட்டிக்கிறீங்க?"

என்னை அவர் அடிக்கவில்லை, அதட்டக்கூட இல்லை. எழுதிக்கொள்ளுங்கள் என்று நானே இரண்டு முறை கேட்ட பிறகுதான் எழுதினார். நான் வெளியே வந்தபோது அந்தக் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஆஸ்பத்திரிக்கு காரில் கூட்டிப் போனேன்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். முதல் மிடறிலேயே பாதியைத் துப்பிவிட்டதால் உயிர் தப்பியது என்றார் டாக்டர். ஆனால் சில வாரங்களில் உணவுக்குழாய் சுருங்கிவிட்டது. குழாய் விட்டு அதை விரிக்க, மாதத்துக்கு ஒருமுறை, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று இன்னும் போகவேண்டியிருக்கிறது. ரொட்டி இறங்காது. குழைத்த கிச்சடியும் பருப்புத் தண்ணீரும்தான். பேசக் குரல் வந்ததும் போலீசிடம், "சாப் தண்ணி எடுத்துக்கச் சொன்னாரு, நான் பாட்டிலை மாத்தி எடுத்துட்டேன்" என்று சொன்னாராம். என் மேல் அலட்சியத்துக்கு வழக்குப் பதிவாகி, அபராதத்தோடு முடிந்தது. அலுவலகத்தில் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. பதவி உயர்வு இரண்டு மாதம் தாமதமாகக் கிடைத்தது. நான் நடுங்கிய நடுக்கத்துக்கு அவ்வளவுதான் நடந்தது.

அந்தக் குட்டிக் காரை அதன் பிறகு நான் தொடவில்லை. அடுத்த குளிர்காலத்தில் கேட்டவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன்; கயிறு கட்டி இழுத்துப் போனார்.

சிகிச்சைக்குப் போகும் நாள்களில் நான்தான் காரில் கூட்டிப் போகிறேன். பின் சீட்டில் என் மனைவியும் அந்தப் பெண்ணும் பேசிக்கொண்டே வருவார்கள். என் மனைவியை அவர் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவார். என்னிடம் தேவைக்கு மேல் பேசமாட்டார்.

போன வருடம் ஒருநாள், உள்ளே சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது கணவரும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஆசிட்டைப் பற்றி என்னை அவர் கேட்டதே கிடையாது. அன்றைக்குக் கேட்டது வேறு.

"அன்னைக்கு இங்கேயே ஏன் சாப் சொல்லல?"

கோபமே இல்லாத குரல். மூன்று வருடமாக இந்தக் கேள்விக்கு நான் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒரே ஒரு வார்த்தைதான். "பயம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "எனக்கும் பயமாத்தான் சாப் இருந்துச்சு" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். உள்ளே கூப்பிட்டார்கள், அவர் எழுந்து போனார். பாட்டிலில் ஊற்றி வைத்ததுகூட என் கவனக்குறைவு என்று என்றாவது என் மனம் ஆறலாம். அன்று மத்தியானம் நாங்கள் இரண்டு பேருமே பயந்தோம், ஆனால் என் பயத்துக்கும் சேர்த்து அடி வாங்கியது அவர்தான் என்பது மட்டும் இன்றுவரை ஆறவில்லை.