மூலைக்கு மூலை முப்பத்திரண்டு

எங்கள் அப்பாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். அவருடைய கூடப்பிறந்த அண்ணன். நன்னிலம் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு, அடுத்தடுத்த வயல், நடுவில் ஒரு வரப்பு. தாத்தா பண்ணையில் கூலிக்கு நின்று, கொடி பிடித்து, போலீஸிடம் அடி வாங்கிச் சம்பாதித்த நிலம் அது. அவர் மிராசுதாரோடு போட்ட சண்டையைப் பிள்ளைகள் வீணாக்காமல் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். அண்ணன் வரப்பை ஒரு சாண் தள்ளிப் போட்டுவிட்டான் என்று அப்பா தாலுகா ஆபீசில் மனுக் கொடுப்பார். தள்ளினது தம்பிதான் என்று பெரியப்பா கொடுப்பார். எங்கள் வீட்டில் பெரியப்பாவுக்கு ‘அவன்’ என்றுதான் பெயர்.

அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவச டிவி கொடுத்தபோது மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே அளவுப் பெட்டி வந்துவிட்டது. சண்டை போட ஒன்றும் அகப்படாமல் கொஞ்ச நாள் இருவரும் சோர்ந்துபோனார்கள். பிறகு அந்தப் பெட்டிகள் செத்தன. பெரியப்பா வீட்டுக்குச் சிங்கப்பூர் மகனின் உபயத்தில் தட்டை டிவி வந்தது. எங்கள் வீட்டில் சுவர் காலியாகவே இருந்தது.

நான் அப்போது வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை பார்த்தேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்லைச் சரிபார்க்கிற வேலை. பில் ஒரு திரையிலும் அதற்கான குறியீடுகள் இன்னொரு திரையிலும் இருந்தால்தான் கை ஓடும். லேப்டாப்பின் சின்னத் திரையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்ததில் என் வேகம் படுத்துவிட்டது. வேகம் கூடாதவர்கள் சென்னை ஆபீசுக்கே வந்து உட்கார வேண்டியிருக்கும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். எனக்கும் சென்னைக்கும் ஆகாது. விடுதிக் குளியலறை வரிசையில் வாளியோடு நின்றே என் இளமை பாதி கழிந்திருந்தது. எப்படியாவது இன்னொரு திரை வேண்டும்.

மானிட்டர் வாங்கலாமா என்று கேட்டேன்.

“சீரியல் தெரியாத பொட்டிக்கு எதுக்குக் காசு?” என்றார் அப்பா.

சரி, ஒரு டிவி வாங்கி, பகலில் நான் லேப்டாப்போடு இணைத்துக்கொள்கிறேன், வேலை முடிந்ததும் நீங்கள் பாருங்கள் என்றேன். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் அப்போது அவர் கையில் இருந்தது. உடனே சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை.

“அவன் வீட்டு டிவியவிட ஒரு இஞ்சாவது பெருசா இருக்கணும்.”

அங்கேதான் வினை. மேஜையில் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து வேலை பார்க்க முப்பத்திரண்டு இஞ்சே தாராளம். நாற்பதுக்கு மேல் போனால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பித் திருப்பியே கழுத்து கழன்றுவிடும். எங்கள் பணத்துக்குப் பெரிதாக வாங்கினால் எழுத்தும் புகை படிந்தாற்போல் மங்கலாகத்தான் தெரியும்.

பெரியப்பா டிவி என்ன அளவு என்று வேவு பார்க்க நான்தான் போக வேண்டியிருந்தது. சண்டை அவர்கள் இரண்டு பேருக்கும்தான். நான் அந்த வீட்டுக்குத் தினமும் சாயங்காலம் போய்வருகிறவள். அப்பாவின் டேப்பைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு போனேன். பெரியப்பா கொல்லையில் இருக்கிறார் என்று நம்பி டேப்பை இழுத்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

“என்ன பாப்பா, என் வீட்டுக்குள்ளயே சர்வேக்கு வந்துட்டீங்களா?”

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தார்.

“இது முப்பத்திரண்டு. உங்கப்பன் அப்ப நாப்பதுக்குக் கொறஞ்சு வாங்க மாட்டானே.”

“அப்ப நான் மெட்ராஸுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் பெரியப்பா.”

சிரிப்பு நின்றுவிட்டது. பெரியம்மா இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். அந்த வீட்டில் அவரோடு உட்கார்ந்து பேச என்னைவிட்டால் ஆளில்லை. டேப்பை என் கையிலிருந்து வாங்கி, திரையின் கீழ் ஓரத்தில் வைத்துத் தானே அளந்தார்.

“டிவிக்காரன் மூலைக்கு மூலை அளந்து முப்பத்திரண்டுங்கறான். நீ அகலத்தச் சொல்லு. இருவத்தெட்டு. பொய்யும் இல்ல பாரு.”

“அப்பாவோடதுதான் பெருசுன்னு ஊரெல்லாம் சொல்லுவாங்களே. பரவாயில்லையா?”

“சொல்லிட்டுப் போறான். நீ இங்க இரு, அது போதும்.”

இருபத்தெட்டு என்று நான் வந்து சொன்னதும் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! “அவ்ளோதானா?” என்று மூன்று முறை கேட்டார். மறுநாளே மயிலாடுதுறைக்குக் கிளம்பினோம்.

கடையில் எல்லா டிவியிலும் ஒரே மீன்தான் நீந்திக்கொண்டிருந்தது. மீனைப் பார்த்து யாரும் கம்ப்யூட்டருக்கு டிவி வாங்கக் கூடாது. நான் லேப்டாப்பை மாட்டி பில்லைத் திறந்தேன். ஒரு டிவியில் மூன்றும் எட்டும் ஒன்றாகத் தெரிந்தன. இன்னொன்றில் எழுத்து பளிச்சென்று இருந்தது, ஆனால் நான்கு பக்கமும் பில்லின் ஓரத்தைக் காணவில்லை.

“ஓரம் கொஞ்சம் போகத்தான் சார் செய்யும்” என்றார் விற்பனையாளர். யாரிடம் வந்து எதைச் சொன்னார் பாருங்கள்!

“ஓரம் கொஞ்சம் போனா என்னன்னு கேட்டவங்கிட்டதான்யா நான் இத்தன வருஷமா மல்லுக்கு நிக்கிறேன்!” என்று அப்பா போட்ட சத்தத்தில் மிக்சி வாங்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். விற்பனையாளர் அவசர அவசரமாக ரிமோட்டில் எதையோ தேடி அமுக்கினார். ஓரம் திரும்பி வந்தது. அதையே வாங்கிக்கொண்டோம்.

என் வேகம் ஏறியது. அப்பா தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் டிவி முப்பத்திரண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். இனிமேல் பயமில்லை என்று நான் நினைத்த நேரத்தில், டிவிக்குப் பலகை அடிக்கிறேன் என்று அவர் டேப்பை எடுத்தார்.

“நாலு இஞ்சக் காணும்!”

நான் பில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயரைப் பிடுங்கினார். அட்டைப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினார். டிவி கடைக்குத் திரும்பிப்போனால் அதன் பின்னாலேயே நானும் சென்னைக்குப் போக வேண்டியதுதான். குறுக்கே விழுந்து தடுத்தேன்.

“மூலைக்கு மூலை அளங்கப்பா! டிவிக்கு அதான் கணக்கு.”

நம்பாமல் அளந்தார். சரியாக இருந்தது. கோபம் இறங்கியது. பெட்டியை ஓரமாகத் தள்ளினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அப்ப அவன் வீட்டுது?”

“அதுவும் இதே அளவுதாம்ப்பா.”

“எங்கிட்ட அகலத்த மட்டும் சொன்னியா? அவ்வளவு வெவரம் உனக்கு எங்கேருந்து வந்துச்சு?”

“எனக்கு வரலப்பா. பெரியப்பாதான் அளந்து குடுத்தாங்க. உங்களோடதே பெருசுன்னு இருக்கட்டும், நான் இங்கேயே இருந்தா போதும்னாங்க.”

அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

“ஒரு சாண் வரப்புக்கு என்னத் தாலுகா ஆபீஸ் படியெல்லாம் ஏற வெச்ச ஆளு” என்றார். “நாலு இஞ்ச சும்மாவா விட்டுச்சு?”

குரல் கரகரத்தது. அவரே எழுந்து பிடுங்கிய வயரைத் தப்பான ஓட்டையில் சொருகினார். நான் எடுத்துச் சரியான இடத்தில் சொருகினேன். பில் மறுபடியும் திரையில் வந்தது.

“வரப்பு விஷயம் வேற. அத நான் விட மாட்டேன்” என்றார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

“நான் அளந்து பாத்தேன்னு அண்ணங்கிட்ட சொல்லிடாத பாப்பா. வெக்கப்படும்.”